நுழையாமல் வந்தவன்

ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்பதற்கு, அது கண்ணெதிரே கிடந்து அழுவதையே ஆதாரமாக ஏற்றுக்கொண்ட காட்டுமிராண்டிக் காலத்தை மனித குலம் கடந்து வந்துவிட்டது. இந்த மகத்தான முன்னேற்றத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் என் தங்கை மகனால் எனக்குக் கிடைத்தது.

நான் வேலை பார்க்கும் நாட்டுக்கு, வயிற்றில் பிள்ளையோடு என்னைப் பார்க்க வந்தாள் தங்கை. ஊர் திரும்பிய பிறகுதான் பிரசவம் என்று ஏற்பாடு. மருமகன் அவசரப்பட்டு இங்கேயே பிறந்துவிட்டான். வெள்ளிக்கிழமையோடு தங்கையின் தங்கும் அனுமதி முடிகிறது. அதற்குள் அவள் விமானம் ஏறியாக வேண்டும். பிள்ளையோடு ஏற வேண்டும் என்பது அவளுடைய சொந்த விருப்பம்.

முதலில் எங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர்.

"அம்மா நம்ம நாடு, அப்பா நம்ம நாடு. அப்ப பிள்ளையும் நம்ம பிள்ளைதான். சந்தேகமே இல்ல."

"அப்ப பாஸ்போர்ட் குடுத்துடுவீங்களா சார்?" என்றாள் தங்கை.

"சந்தேகம் இல்லாதது எனக்கும்மா. ஆபீஸுக்கு இருக்கே. இங்க பிறந்த பிள்ளை இல்லையா? 'இது எங்க பிள்ளை இல்ல'ன்னு இந்த நாட்டுக்காரங்க எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கே குடுத்துடறேன்."

வெளியே வந்ததும் இதிலுள்ள நுட்பத்தைத் தங்கைக்குப் பொறுமையாக விளக்கினேன். ஒரே பிள்ளைக்கு இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடினால் சண்டை வரும். சண்டை வராமலிருக்க முதலில் இரண்டு பேரும் கைகழுவிவிட வேண்டும். பிறகு யாராவது ஒருவர் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

"நீ எந்தப் பக்கம்ணா?" என்றாள் தங்கை.

இந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தின் அழகே தனி. யார் எந்த வாசலில், எப்போது நுழைந்தார் என்பது கணினியில் இருக்கும். நுழைவு இருந்தால்தான் வெளியேற்றம். கணக்கு எப்போதும் நேராகிவிடும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி தேடிப் பார்த்தார்.

"இவர் எந்த வாசல் வழியா வந்தார்?"

"என் வழியாத்தான்."

"முத்திரை எங்க?"

"நான் வந்தப்ப ஒண்ணு குத்தினீங்களே. இவனும் உள்ளதான் இருந்தான்."

"ஒரு முத்திரைக்கு ஒரு ஆள்தாம்மா. இங்க பிறந்தா மட்டும் எங்க பிரஜை ஆகிட முடியாது."

"அதைத்தான் எழுதித் தரச் சொல்றோம்" என்று நான் குறுக்கிட்டேன்.

"நாட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் எழுதித் தர முடியும். இவர் இன்னும் உள்ளயே வரலையே."

தங்கை பிள்ளையைத் தூக்கி மேடைமேல் வைத்தாள். "அப்ப இது என்ன?"

"கைப்பையெல்லாம் மேடை மேல வைக்கக் கூடாதும்மா" என்றார் அதிகாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கடமையுணர்ச்சி என்றால் இது. பிறகு கனிவோடு சேர்த்துக்கொண்டார்: "நீங்க தாராளமா கிளம்பலாம். உங்க பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு."

"இவனுக்குப் பால் யார் குடுப்பாங்க?"

"அது சுகாதாரத் துறை. மாடிக்குப் போங்க."

தங்கை அழவில்லை. மாடிக்கும் போகவில்லை. சன்னல்களுக்கு மேலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், கூட்டமே இல்லாத ஒன்றின் முன்னால் நின்றாள். 'அனுமதியின்றித் தங்கியிருப்போர் குறித்த புகார்கள்.'

"ஒருத்தன் பேப்பர் எதுவும் இல்லாம இங்க தங்கியிருக்கான். எங்க அண்ணன் வீட்டுலதான் இருக்கான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடைக்கலம் கொடுத்தவன் நானல்லவா?

எந்த அலுவலகத்திலும் ஒரு பிரிவாவது சுறுசுறுப்பாக இருக்கும். இங்கே அது இதுதான். சன்னல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆள் இப்ப எங்க?"

"என் இடுப்புல."

எட்டிப் பார்த்தார். எங்கள் அலைச்சலில் அவனை ஓர் அதிகாரி கண்ணால் பார்த்தது அதுவே முதல் தடவை. கைரேகை எடுக்கப் போனார். மூடிய கையை அவன் திறக்கவில்லை. 'குற்றவாளி ஒத்துழைக்க மறுத்தார்' என்று பதிவானது. நாடு கடத்தும் உத்தரவில் 'சொந்த நாடு' என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். தங்கையைக் கேட்டு எங்கள் நாட்டின் பெயரை எழுதினார்.

"ஆதாரம் எதுவும் வேண்டாமா சார்?" இதைக் கேட்டது நான்தான். சில வாய்கள் சும்மா இருக்காது.

"துரத்தறதுக்கு எதுக்குங்க ஆதாரம்?"

தூதரக அதிகாரி அந்த உத்தரவைப் படித்துப் பூரித்துப் போனார்.

"பாருங்க, நம்ம நாட்டு ஆளுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துடுச்சு. இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே?"

கையோடு பயணப் பத்திரம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை, பால் குடித்துக்கொண்டே என் மருமகன் நாடு கடத்தப்பட்டான்.

இரண்டு அரசாங்கங்களின் நேர்மையிலும் எனக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. யார் எது சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிறவர்கள் இல்லை அவர்கள். 'இவன் என் பிள்ளை' என்று பெற்றவள் சொன்னபோது அசையவே இல்லை. 'இவன் குற்றவாளி' என்று அதே பெற்றவள் காட்டிக் கொடுத்தபோதுதான், மறுகேள்வி இல்லாமல் நம்பினார்கள்.