ஹெலிகாப்டருக்குச் சுண்ணாம்பு போட்டவள்

எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஏற்பாடே இல்லாதவன் ஆபத்து வந்தால் அலறிக்கொண்டு ஓடுவான். நாலு பேர் உதவிக்கு வருவார்கள். எல்லாம் தயார் என்று நம்புகிறவள்தான் நிமிர்ந்து நடந்து போய், யாரையும் கேட்காமல் அந்த ஆபத்தை இரண்டு மடங்காக்குவாள். இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போதும் மாறவில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு.)

எண்பதுகளின் நடுவில், ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. டெலிபோனில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் என்பதால் கம்பெனியின் பாதி பாரம் என் தலையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சமயத்தில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து ஊர் ஊராக நன்கொடை திரட்டி, வயலுக்குப் பூச்சி மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்தார்கள். காட்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் அது நிற்கும். விபத்தில் சிக்கியவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும். எங்கள் முதலாளி ரஹ்மான் பாய் தாராளமாகக் கொடுத்தார்.

அதற்கு நன்றியாக, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மீசைக்காரர் வந்து, ஹெலிகாப்டரை எப்படி வரவேற்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். பறக்கக்கூடிய பொருள் எதுவும் கிடக்கக் கூடாது. மேலிருந்து தெரியும்படி வெள்ளை நிறத்தில் பெரிய H எழுத்து போட வேண்டும். நாலாவதாகவும் ஏதோ சொன்னார். அப்போது நான் அந்த எழுத்தை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதா?" என்றார். "எஸ் சார்" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலை, மெஷின் ஷெட்டில் இருந்து ஒரு சத்தம். அதற்குப் பிறகு எல்லா மெஷினும் நின்றுவிட்டது. ஓடினேன். மெக்கானிக் சகாயத்தின் வலது கை, தோல் சீவும் மெஷினின் உருளையில் சிக்கிவிட்டது. வெளியே எடுத்துத் துண்டு சுற்றியிருந்தார்கள். துண்டு வெள்ளையாக இல்லை.

சகாயம் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்றுகொண்டு, பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதாக நான் பாவனை செய்ததெல்லாம் அந்தக் கையைப் பார்க்கத்தான். இது அப்போது யாருக்கும் தெரியாது, அவர் உள்பட.

கம்பெனி டாக்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "வேலூர்ல கைக்குன்னே டாக்டருங்க இருக்காங்க. சீக்கிரம் போனா ஒட்டவெச்சிடுவாங்க. லேட் ஆச்சுன்னா எடுத்துடணும்" என்றார். அந்த நேரம் பார்த்து மாதனூர் பக்கம் ஒரு டேங்கர் கவிழ்ந்து, ரோட்டில் சைக்கிள்கூட நகரவில்லை. ரயிலும் மத்தியானம்தான். எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நான் நிமிர்ந்து நடந்துபோய் டெலிபோனை எடுத்தேன்.

ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. நான் தோல் காயப்போடும் மைதானத்துக்கு ஓடி, அத்தனை தோலையும் உள்ளே எடுக்கச் சொன்னேன். ஒரு துணுக்குகூடப் பறக்கக் கூடாது என்று தரையைப் பெருக்கவும் வைத்தேன். பாக்கி இருந்தது வெள்ளை எழுத்து. தோலில் உள்ள முடியை நீக்க ஊறவைக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத் தூள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் பந்தயக் கோடெல்லாம் போட்டவள் நான். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரஹ்மான் பாய் வந்து பார்த்தார். "இன்னாம்மா எஸ்தர், ஜாஸ்தி போட்டுட்டியா?"

"மேல இருந்து தெரியணும் சார்."

தெரிந்தது. ஹெலிகாப்டர் நேராக எங்களை நோக்கி வந்தது. சகாயத்தை மைதானத்து ஓரத்தில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தோம். நான் கை தட்டினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. அது தலைக்கு மேலே இறங்கியபோது, நான் போட்ட H அதை எதிர்கொண்டு அழைக்க எழுந்து போனது.

வானம், ஷெட், முதலாளி எல்லாம் காணாமல் போய்விட்டன. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. தடவித் தடவிப் போய் சகாயத்தின் முகத்தை என் முந்தானையால் மூடினேன். அதற்குள் பாதி சுண்ணாம்பு அவர் மேல் இறங்கியிருந்தது.

"மிஸ், கை மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன். கண்ணும் வேணுமா?" என்றது முந்தானை.

மேலே இருந்த பைலட்டுக்குத் தரை தெரியவில்லை. சத்தம் உயர்ந்தது, பிறகு தூரமானது. தூள் கொஞ்சம் அடங்கிப் பார்த்தபோது ஹெலிகாப்டர் மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கையை மெஷின் பாதி எடுத்தது, மீதியை எடுத்தவள் நான் என்று எனக்குத் தோன்றியது. அழக்கூட முடியவில்லை, கண்ணில் ஏற்கெனவே வேறு காரணத்துக்காகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்ற ரஹ்மான் பாய்தான் முதலில் அசைந்தார். "தண்ணி பைப்பை இழுங்கடா. அவன் சுத்திக்கினு வருவான்."

கண்களைக் கழுவினோம், தரையை நனைத்தோம். தூசு அடங்கியது. என் எழுத்தும் கரைந்து போனது. தூரத்தில் ஹெலிகாப்டர் வட்டமடித்துத் திரும்பியது. இப்போது அதற்குக் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. பாய் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தார். வெளிநாட்டு ஆர்டருக்காக ஊறிக்கொண்டிருந்த தோல்கள், முடி நீங்கி, வெள்ளை வெளேரென்று உப்பிக் கிடந்தன.

"ஈரத் தோல் எங்கயும் பறக்காது. எடுங்க எல்லாத்தையும்."

ஒவ்வொரு தோலையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நாற்றம் தொட்டியை விட்டுக் கிளம்பி எங்களுக்கு முன்னால் நடந்தது. ஆபீஸ் புடவையோடு நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, H எழுத்தாக விரிக்கக் கை கொடுத்தேன். சகாயம் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி, "மிஸ், நடுக்கோடு கோணலா இருக்கு" என்றார். குரல் முன்பைவிடச் சன்னமாகிவிட்டது. அதனால் எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் ஏறியது.

இந்த முறை எழுத்து அசையவில்லை. ஹெலிகாப்டர் இறங்கியது. பைலட் கதவைத் திறந்தார், மூச்சை இழுத்தார், கதவை மூடினார். மறுபடி திறந்தபோது மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். "கையைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தர் வாங்க" என்று அவர் கத்தியதும் யாரையும் கேட்காமல் ஏறிவிட்டேன். கீழே பாலாறு மணலாக ஓடியது. நான் பார்க்கவில்லை. வழி முழுக்க அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் வரிசை மாற்றிச் சொன்னேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் ஓடிவந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "எந்த மாவு மில்லுல ஆக்சிடென்ட்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "நீங்க பேஷன்டுக்கு இன்னா உறவு?" என்று கேட்டார்.

அந்த நர்ஸ் என் அம்மா.

"அம்மா, நான்தாம்மா" என்றேன். அம்மா என் முகத்தை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, "அது தெரியுது. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார். ஸ்ட்ரெச்சரில் ஒரு வெள்ளைத் தலை ஆர்வமாக என் பக்கம் திரும்பியது. நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கை பிழைத்தது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டன. மீசைக்காரர் மறுபடி வந்தார். கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே நின்று அந்த நாலாவது விஷயத்தைச் சொன்னார்: "வெள்ளைத் துணி விரிச்சு, நாலு பக்கமும் ஆணி அடிக்கணும்." ஹெலிகாப்டரை எத்தனை முறை கழுவியும் அடுத்து ஏறிய நோயாளிகள் எல்லோரும் வாந்தி எடுத்தார்களாம்.

அம்மாவின் கேள்விக்கு அடுத்த வருஷம், அதே சர்ச்சில், பதில் சொன்னேன். சகாயம் இன்னமும் ஆர்கன் வாசிக்கிறார். அந்த இரண்டு விரல் வர வேண்டிய இடங்களில் நான் சத்தமாகப் பாடி நிரப்புகிறேன். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க நான் சுண்ணாம்பு கரைக்க உட்கார்ந்தால், அவர் வாசலுக்கு வந்து, மடங்காத அந்த விரல்களை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைச் சுற்றும் முற்றும் பார்ப்பார்.

"ஒண்ணும் வரல மிஸ்" என்பார். "தைரியமா கரைங்க."