இளவரசரின் கால் நகமும் கீரியின் பந்தும்

ஒரு காட்டில் கிரிக்கெட் தேர்வுக்குழு இருந்தது. மற்றபடி நல்ல காடுதான்.

கோடை வந்துவிட்டது. பக்கத்துக் காட்டோடு ஓர் ஆட்டம். ஜெயிக்கிற காட்டுக்குத்தான் எல்லையில் இருக்கும் குளம். தோற்றால் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். கேப்டன், ராஜா யானையின் மகன். பந்து வீச ஓர் ஆள் வேண்டும். குழுத் தலைவர் நரியார் தேர்வு வைத்தார். மட்டை பிடித்தவர் இளவரசரேதான்.

முதலில் முயல் வந்தது. இளவரசரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, காலடி மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, பிறகு போய்ப் பந்து போட்டது. பந்து அடிக்க வாகாகத் துள்ளி வந்தது. இளவரசர் அதை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். "அடடா, என்ன பந்துய்யா!" என்று குழு முயலைப் பாராட்டியது.

அடுத்து கீரி. மட்டைக்காரன் நிற்கும் கோட்டில் விளாம்பழ ஓடு ஒன்றை வைத்து, அதையே குறிபார்த்துப் போட்டுப் போட்டுப் பழகிய பயல். காலில் விழ வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை, பாவம். கவனமெல்லாம் அந்தக் கால் நகத்தின் மேலேயே இருந்தது. இளவரசர் தும்பிக்கையால் மட்டையை வானத்துக்கு உயர்த்தினார். அது இறங்கி வருவதற்குள் பந்து நகத்தடியில் குத்தி ஸ்டம்பைச் சாய்த்தது.

"இது என்னடா பந்து?" என்றார் நரியார்.

"யார்க்கருங்க. கொஞ்சம் முன்னாடி குத்தினா எழும்பி வரும், தூக்கி அடிச்சிடுவாரு. குத்தாமலே போனாலும் அடிச்சிடுவாரு. சரியா கால்கிட்ட குத்தினா மட்டைய வீச இடமே இருக்காதுங்க."

"அப்போ, அவர் அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே போட்டிருக்கே?"

"பந்து போடறதே அதுக்குத்தானுங்களே?"

"ஒத்துக்கிட்டான்! எல்லாரும் கேட்டுக்கோங்க, ஒத்துக்கிட்டான்!"

முயலுக்கு அணியில் இடம் கிடைத்தது. கீரியைக் காட்டைவிட்டே துரத்தினார்கள்.

ஆட்ட நாளில் முயல் போட்ட பந்தையெல்லாம் பக்கத்துக் காட்டு எருமை மலை தாண்டி அனுப்பியது. பிறகு இளவரசர் மட்டையோடு இறங்கினார். எதிரே பந்தைத் தொடையில் துடைத்துக்கொண்டு நின்றது கீரி. முதல் பந்திலேயே ஸ்டம்பு சாய்ந்தது. மற்றவர்களும் கேப்டன் பின்னாலேயே வரிசையாகத் திரும்பி வந்தார்கள். குளம் போயிற்று.

அன்று மாலை நரியார் வறண்ட தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். முயல் காலில் விழுந்தது போதவில்லை."

நீதி: பெரிய இடத்துப் பிள்ளையின் காலடியில் நீ விழலாம், உன் பந்து விழக் கூடாது. தாகம் எடுத்தால் பக்கத்துக் காட்டில் கேட்டுப் பார்.