கடிதத்துக்கு விழுந்த பூட்டு

"இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். நீங்கள் படிக்கலாம், மாற்ற முடியாது" என்றது கணினித் திரை.

"வேறொருவரா? வீட்டுல நானும் சுவத்துப் பல்லியும்தானே இருக்கோம்!" என்று வாய்விட்டே கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

அது மனைவிக்கு அவர் எழுதிவந்த கடிதம். பன்னிரண்டு நாளைக்கு முன், வாய்க்கொழுப்பில், "நீ இல்லாட்டியும் எனக்கு எல்லாம் ஓடும்" என்று சொல்லித் தொலைத்தார். அம்மணி பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. பால் தினமும் பொங்கி வழிந்தது. படுக்கையில் அவள் பக்கத்து விரிப்பு கசங்காமலே கிடந்தது. ஊரார் எழுதியதையெல்லாம் மொழிபெயர்க்கிற மனுஷனுக்கு, "வந்துடு" என்று சொந்தமாக ஒரு வார்த்தை எழுத வரவில்லை. இன்றைக்கு எழுதி அனுப்பியே தீருவது என்று உட்கார்ந்தால், இந்தப் பூட்டு!

பூட்டாவது மண்ணாவது என்று முப்பது வரி தட்டினார். சேமிக்க முடியவில்லை. கோபத்தில் கணினியையே அணைத்துப் போட்டார். முப்பது வரியும் போயே போச்சு. திரும்பப் போட்டபோதும் பூட்டு மட்டும் அசையவில்லை.

கணினி பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டார்.

"கரண்ட் போனப்ப மூடாம விட்டிருப்பீங்க சார். அந்தக் கடிதத்துக்குப் பக்கத்துலயே குட்டியா ஒரு பூட்டுக் கோப்பு இருக்கும். அழிச்சிடுங்க."

அழித்தார். கடிதம் திறந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்து நின்றது: "சேமிக்காத பிரதி ஒன்று உள்ளது. மீட்கவா, நீக்கவா?" அதைப் போனிலேயே பழுது பார்ப்பவருக்குப் படித்துக் காட்டினார்.

"அதுல எவ்வளவு அதிகமா இருக்குன்னு காட்டுது, சார்?"

"மூணே வரி. நான் எழுதினது முப்பதாச்சே!"

"அப்ப அது உங்களுது இல்ல. ஏதோ குப்பை. நீக்கிடுங்க."

நீக்கிவிட்டுப் போனை வைத்தார். "நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்றது திரை. முப்பது வரியும் மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணுமே ஓடலடி எனக்கு. வந்துடேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது போன் அடித்தது. மனைவியின் தங்கை.

"என்ன அத்தான் இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க ரெண்டு பேர் கணினிக்கும் பொதுவான ஃபோல்டர்ல கடிதத்தை வெச்சா, அக்கா தினமும் படிக்காமலா இருப்பா? இன்னிக்கு அதைத் திறந்து வெச்சு, அதுக்குள்ளேயே 'வரேன்'னு மூணு வரி பதில் எழுதிட்டிருந்தா. அதைப் போய் அழிச்சுட்டீங்களாமே... ஏன்னு நேர்லயே கேட்டுக்கறேன்னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா!"