சுவருக்குப் பாய்ச்சிய தண்ணீர்

ஒரு வீடியோவை முழுசாகப் பார்க்கும் பொறுமை எனக்கு இருந்திருந்தால், திருப்பத்தூர்க்காரர் ஒருவர் இன்றைக்கும் பாத்ரூம் கதவைப் பயமில்லாமல் சாத்திக்கொண்டிருப்பார்.

காரைக்குடியில் ஊரே செம்மண்ணில் வீடு கட்டியிருக்க, நான் மட்டும் கண்மாய் ஓரமாகக் களிமண் மனையைத் தேடிப் பிடித்துக் கட்டினேன். (மனை மலிவு. என் அறிவும் அதே விலைதான்.) கோடையில் மண் காய்ந்து சுருங்கியதும் ஹால் சுவரில் ஒரு விரிசல், பல்லி குடும்பத்தோடு குடியேறும் அகலம். அந்த நேரம் பார்த்துத் திருப்பத்தூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கும் மகளுக்கும் ஒருவரையொருவர் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பையனின் அப்பா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"வர்றவுக பொண்ணையா பாப்பாக? செவத்தத்தான் பாப்பாக. கொத்தனாரக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

கொத்தனார் எதற்கு, கையில் போன் இருக்கும்போது? களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், விரிசல் மூடிக்கொள்ளும் என்றது ஒரு வீடியோ. அதோடு நிறுத்திவிட்டு ஓஸ் பைப்பை எடுத்தேன். ஒரு வாரம், வீட்டின் ஒரே மூலையில், வயலுக்குப் பாய்ச்சுவதுபோலப் பாய்ச்சினேன்.

"செவரு மொளைக்கிற வரைக்கும் ஊத்துவீகளா?" என்றாள் மனைவி.

அவர்கள் வந்த அன்று விரிசலைக் காணோம்! மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். (பெரிய அணை கட்டியவர்கள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

காபி குடித்த கையோடு பையனின் அப்பா பாத்ரூமுக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லையென்று பலமாக அழுத்தினார். சாத்தியது. பிறகு திறக்கவில்லை. உப்பிய மண் அந்த மூலையைத் தூக்கி, கதவு நிலையை நெரித்திருந்தது.

"கதவு வரமாட்டேங்குதுங்க!"

"நல்லா இழுங்க!"

"கைப்பிடிதாங்க வந்திருக்கு!"

நான் தோளைக் கொடுத்தேன். தோள்தான் நகர்ந்தது.

"அப்பா, நீங்க அங்குட்டுப் போங்க" என்று மகள் கடப்பாறையோடு வந்தாள். "மாமா, செவத்தோரமா ஒதுங்கிக்கங்க!"

அவள் நெம்ப, பையன் இடிக்க, கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது. வாளியைக் கேடயமாகப் பிடித்தபடி நின்றிருந்த மனிதர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளிடம் சொன்னார்: "ஆத்தா, நீ எங்க வீட்டுக்கே வந்துரு. இந்த வீட்டுல இருக்காத."

கல்யாணம் முடிந்தது. வீட்டின் நாலு பக்கமும் ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டுமென்று வீடியோவின் பிற்பாதியில் இருந்ததாம். மாப்பிள்ளைதான் போட்டுக் காட்டினார், பந்தியில் எல்லோருக்கும்.

இப்போதும் சம்பந்தி வந்தால் வாசல் ஈரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். "மழையா, நீங்களா?"

பாத்ரூம் கதவைச் சாத்துவதே இல்லை. ஆள் இருப்பது தெரிய வேண்டுமே என்று உள்ளே சத்தமாகப் பாடுவார். குரலில் ஏகப்பட்ட விரிசல். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் நான் கேட்பதில்லை.