பொணக்காம்பராவில் பகல் தூக்கம்

கிருமிகள் தங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லி வளர்க்குமானால் இதைத்தான் சொல்லியிருக்கும்: "எங்க வேணா போங்க, பினாயில் அக்கா இருக்கிற பக்கம் மட்டும் போயிடாதீங்க." கேகாலை மாவட்டத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைத் தவிர வேறு எங்கும் இப்படி ஒரு மனுஷியைப் பார்க்க முடியாது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அவருக்கென்று ஒரு நல்ல பெயர் உண்டு என்பது வாக்காளர் பட்டியல் வரும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை. கல்யாணம் கட்டவில்லை. வருடக்கணக்காக வார்டு கழுவிக் கழுவி அந்த வாசனை தோலோடு ஒட்டிப்போயிருந்தது. ரோட்டு வளைவில் தலை தெரிவதற்கு முன்பே வாசனை வந்து சேர்ந்துவிடும். கல்யாண வீட்டில் சந்தனம், பன்னீர், மல்லிகை என்று மணத்துக்கொண்டிருக்கும். அக்கா படியேறியதும் மாப்பிள்ளையே ஒரு நிமிடம், தனக்கு ஏதும் ஆபரேஷனோ என்று முழிப்பார்.

ஆஸ்பத்திரி நடந்த காலத்தில் அங்கே டாக்டர் ஐயாவுக்கு அடுத்தது அக்கா என்பார்கள். தவறு. அக்காவுக்கு அடுத்ததுதான் டாக்டர் ஐயா. தரை காயும்வரை அவரையும் உள்ளே விடமாட்டார். ஐயா வெளியே நின்றபடி சன்னல் வழியாக, "நாக்க நீட்டு" என்று நோயாளியிடம் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை தோட்டத்துப் பெரிய துரை பூட்ஸோடு உள்ளே காலை வைத்துவிட்டார். அக்கா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைக் குறுக்கே போட்டார். துரை அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டுப் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த மேஸில் ஓட்டை. வெளியே எட்டிப் பார்த்த அந்தப் பெருவிரலைப் பற்றித் தோட்டம் ஒரு மாதம் பேசியது.

என் மகள் பிறந்த அன்று நான் பட்டதை மறக்கவே முடியாது. வலி பொறுக்காமல் என் மாமியாரின் தோளில் தொங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா கையில் வாளியோடு நின்றார்.

"கால கழுவிட்டு வா."

"அக்கா, வலிக்குதுக்கா!"

"வலிக்கிறது வயிறுதானே? காலுக்கென்ன?"

நான் அதிர்ந்துபோனதில் வலியே ஒரு நிமிடம் நின்றுவிட்டது. கழுவினேன். அடுத்த கால் மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. முதலில் அவளைக் குளிப்பாட்டியதும் அக்காதான். அன்றைக்கு அவள் அழுத அழுகையை இன்றுவரை அழுததில்லை.

பிறகு ஆஸ்பத்திரியை மூடினார்கள். நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டில்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வழக்கம்போலப் போய் வெறும் வார்டைக் கழுவத் தொடங்கினார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் தினமும் இந்தக் கூத்தைப் பார்ப்பேன்.

"ஆளே இல்லியே, யாருக்குக்கா கூட்டுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கூட்டுறதுக்கு ஆளு எதுக்கு? தூசி இருந்தா போதாதா?" என்றார்.

நான் மடுவத்துக்கு நடையைக் கட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விட்டது. முதலில் விரல் போகும் அளவு, பிறகு கை போகும் அளவு. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இனி இங்கே குடியிருக்கக் கூடாதாம். அக்காவையும் சேர்த்து இருபது குடும்பமும் சட்டி பானையோடு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனோம். சேலைகளைக் கட்டி மறைப்புப் போட்டு, அதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் என் தலையணை அதிரும்.

கடைசியில் நல்ல சேதி வந்தது. பழைய ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அடியில் பாறை, சரியாது. அதை இடித்துவிட்டு இருபது தனி வீடு, ஆளுக்கு ஏழு பேர்ச் காணி என்றார்கள். கோயில் முன்னால் கூட்டம் போட்டு, தகர டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். அக்கா எடுத்தது இரண்டாம் நம்பர். ரோட்டோரம், பைப்படிக்குப் பக்கம். "அதிர்ஷ்டக்காரி" என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அடுத்து நான் எடுத்தேன். பதினொன்று.

வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டியதும் என் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். பதினொன்று விழுந்திருந்தது பொணக்காம்பராவின் மேல். ஆஸ்பத்திரியில் செத்தவர்களை, சொந்தக்காரர்கள் வந்து எடுத்துப்போகும்வரை கிடத்தி வைத்திருந்த அறை அது.

மாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன இப்பவே கொண்டுபோயி அங்க படுக்க வச்சிருங்க!" என்று ஒப்பாரி. கொழும்பில் வேலை செய்யும் என் புருஷன் போனில், "வேற சீட்டு எடேன்" என்றார், கடையில் தக்காளி மாற்றுவதைப் போல. யாரிடமும் மாற்றிக்கொள்ளக் கேட்க முடியவில்லை. நான் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்றுவரை என்னிடம் சீனி கடன் கேட்டவர்கள்கூட.

அதைவிடப் பெரிய இடி பிறகு விழுந்தது. ஒரு வீடு வேண்டாமென்றாலும் திட்டம் திரும்பக் கொழும்புக்குப் போய்விடும், பிறகு எப்போது வரும் என்று தெரியாது என்றார் இஞ்சினியர் மாத்தயா. சிங்கள இளைஞர், நல்ல மனுஷர். அவர் சொன்னது உண்மை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தாம்மா, ஒங்க ஒரு வீட்டால பத்தொம்போது குடும்பம் அடுத்த மழையிலயும் மண்டபத்துல கெடக்கணுமா?"

"அப்ப நீங்க எடுத்துக்குங்க தலைவரே."

"எனக்கு பிரஷர் இருக்கும்மா" என்றார் தலைவர்.

வீடுகளின் வரிசையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று இடத்தைப் பார்த்துவிடலாம் என்றார் இஞ்சினியர். மறுநாள் உச்சி வெயிலில் போனோம். அவர் முன்னால், தலைவர் அடுத்து, நானும் மாமியும் பின்னால், எங்களுக்குப் பின்னால் பாதித் தோட்டம். கதவு சாத்தியிருந்தது. இஞ்சினியர் மெல்லத் தள்ளினார்.

உள்ளே சிமெந்து மேடையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்தி, ஒரு பிணம்.

ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. பிணம் எங்கேயிருந்து வந்தது? அப்போது அந்தப் பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து கத்தியது:

"செருப்பு! செருப்பு! இப்பத்தான் கழுவினேன்!"

"அம்மோ!" என்று ஒரு அலறல். இஞ்சினியரின் பைல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஜீப்புக்குள். தலைவர் கொய்யா மரத்தில் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. இறக்கத்தான் ஏணி தேட வேண்டியிருந்தது. மாமி மயங்கி என் மேல் சாய, நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா... நீங்களா?" என்றேன்.

"பின்ன யாரு? ஒரு மனுஷி சோறு தின்னுட்டு கண்ணசரக் கூடாதா?"

"இங்கயா?"

"இந்த வெயில்ல தோட்டத்துலயே குளுகுளுன்னு இருக்கிற எடம் இதான். இருவது வருசமா பகல்ல இங்கதான் படுக்கிறேன். துணி போத்தலன்னா ஈ மொய்க்குது."

இருபது வருடம்! ஜீப் கண்ணாடி மெதுவாக இறங்கியது. அக்கா துணியை மடித்து வைத்துவிட்டு இஞ்சினியரிடம் போய்ச் சரளமான சிங்களத்தில் என்னவோ சொன்னார். பதினொன்றைத் தனக்கு எழுதிவிட்டு இரண்டை எனக்கு எழுதச் சொல்கிறார் என்று புரிந்தபோது நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அது ரோட்டோர வீடுக்கா. பைப்படி பக்கம்."

"ரோட்டோரம் தூசி. யாரு தொடைக்கிறது?" என்று கையை உருவிக்கொண்டார்.

மயக்கம் தெளிந்த மாமி அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். அக்கா இரண்டடி பின்னால் பாய்ந்து, "கைய கழுவினீங்களா?" என்றார்.

வீடுகள் எழும்பின. சேலை மறைப்புக்குள் மழைக்காலம் கழிப்பது முடிந்தது. அக்கா புதுவீட்டில் பால் பொங்கிய அன்று போனேன். பின்பக்க அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, வழவழவென்றிருந்த அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்தேன். தடவிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா... இது..."

"அதேதான். ஒடைக்க வந்தாங்க. மேசன்கிட்ட சொல்லி அப்படியே விடச் சொன்னேன். இப்படி சிமெந்து இப்ப எங்க கெடைக்குது?"

டம்ளரைக் கீழே வைக்கலாமென்றால் வைப்பதற்கும் அந்த மேடைதான் இருந்தது. பயமா இல்லையா என்று கேட்டேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, முதல் தடவையாக என் முன்னால் சும்மா உட்கார்ந்தார்.

"இதுல படுத்தவங்கள எல்லாம் நான்தான் கழுவித் தொடைச்சு, தல சீவி விட்டேன். ஒன் மாமனாரும்தான். நல்ல நெட்டையான மனுஷன், காலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. லயத்துல ஒத்தக் காம்பராவுல எட்டுப் பேரு, ஒம்போது பேருன்னு ஒடுங்கிக் கெடந்த சனம்டி. அதுல பாதிப் பேரு தன் ஆயுசுலயே தனியா ஒரு காம்பராவுல படுத்தது அன்னைக்குத்தான். அந்த ஒரு நாளாவது எடம் சுத்தமா இருக்கணுமா இல்லியா? நீங்க பேயிங்கிறீங்க. எனக்கு எல்லாம் பேரு தெரிஞ்ச ஆளுங்க."

நான் அதிர்ச்சியில் எத்தனையோ தடவை ஆடிப்போனவள். அன்று ஆடவில்லை. டம்ளரை அந்த மேடையில் வைத்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்றேன்.

போன மாதம் எம்பிலிப்பிட்டியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அக்கா ஒரு வாரம் போய்விட்டார். அந்த ஒரு வாரமும் ஏனோ எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூலை முடுக்கெல்லாம் இரண்டு வேளை துடைத்தேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எட்டாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு என் வாசலுக்கு வந்தார். சன்னல் கட்டையில் விரலை ஓட்டினார். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. அன்று ராத்திரி சோறு பரிமாறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.