ரெண்டாவது பேப்பர் எங்கேய்யா?

சிங்கப்பூரில் யார் எதைச் சொன்னாலும் நம்பாத ஒரே மனிதரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் நான். சூரியன் கிழக்கே உதித்தது என்றால்கூட, "இன்னொருத்தன் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் 'ரெண்டாவது பேப்பர்'.

எழுபதுகளின் பிற்பாதி அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் எங்கள் அறை. அவர் ஒரு கப்பல் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எந்தக் கடலில் சண்டை, எந்தத் துறைமுகத்தில் குண்டு என்று பேப்பரைப் பார்த்துச் சொல்வது அங்கே அவர் வேலை. ஆபீஸ் மாலையில் மூடிவிடும், இவர் மூடமாட்டார். விமானம் கடத்துகிறவன், குண்டு வைக்கிறவன், ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவன் என்று உலகத்து அயோக்கியர்களைப் பற்றி எங்கே எது அச்சானாலும் அவருக்கு வேண்டும். இப்போது இதைக் கணினி முன் உட்கார்ந்து செய்கிறார்களாம், அதற்குப் படிப்பெல்லாம் இருக்கிறதாம். அன்று எங்கள் அறையில் இருந்தது ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா, ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ, பிறகு அவருடைய கோபம்.

அந்தக் கத்தரிக்கோலை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய பேப்பரை நான் பிரிக்கும்போது நடுவில் ஜன்னல் இருக்கும். முன்பக்கத்தில் இவருக்கு வேண்டிய கடத்தல்காரன் இருப்பான், பின்பக்கத்தில் எனக்கு வேண்டிய சினிமா விளம்பரம் இருக்கும். இரண்டும் சேர்ந்து சுவருக்குப் போய்விடும். காப்பிக் கடைக்காரர் இவரைக் கண்டதும் பேப்பரை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்தது ரேடியோவுக்கு அலை பிடிக்கும் கம்பி. பின்பக்கம் மூங்கில் கழியில் நாங்கள் துணி காயப்போடும் இடத்தில்தான் அதைக் கட்டியிருந்தார். ஒருநாள் என் வேட்டியைச் சுருட்டி எடுத்துவந்து முகத்தில் எறிந்தார்.

"உன் வேட்டி ஈரத்துல மாஸ்கோ போச்சுய்யா!"

"வேட்டிய வேற எங்கண்ணே காயப்போடுறது?"

"இடுப்புலயே கட்டிக் காயவை! இங்க லண்டன் ஒண்ணு சொல்றான், டில்லி ஒண்ணு சொல்றான், மாஸ்கோ என்ன சொல்றான்னு தெரியாம நான் எப்படி சோறு திங்கிறது?"

இரண்டு இடத்தில் உறுதியாகாமல் எதையும் வாய் திறந்து சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். "நாலு பேப்பர்ல போட்டிருக்கான்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "அந்த நாலு பேருக்கும் யாரு அனுப்பினா? ஒரே செய்தி ஏஜென்சிக்காரன்! நாலு பேரு ஒரே பானையில மொண்டா அது நாலு பானையா? ரெண்டாவது பேப்பர் எங்கேய்யா?" என்று கடைவாசல் ஐந்தடிப் பாதையே அதிரும்படி கத்துவார். பெயர் அப்படி வந்ததுதான்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எல்லாருக்கும் விற்பதையும் எல்லாருக்கும் ஒலிபரப்புவதையும் மட்டுமே தொடுவார். ஒருமுறை காப்பிக் கடையில் ஒரு வெளியூர்க்காரன் இவர் சங்கதி தெரிந்து, சட்டைக்குள்ளிருந்து ஏதோ ஓர் ஆயுதக் கூட்டத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்து, ரகசியமாக நீட்டினான். "உள் தகவல் சார், வெளிய கிடைக்காது" என்றான். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, "வெளிய கிடைக்காததுன்னா அது தகவல் இல்லடா, தூண்டில்! முள்ளு யாரு தொண்டையில மாட்டும்? போடா!" என்றார். அவன் குடித்த தேத்தண்ணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

இப்படிக் கத்துகிற ஆள்மேல் யாராவது புகார் கொடுக்காமல் இருப்பார்களா? ஒரு சனிக்கிழமை மத்தியானம் மடிப்புக் கலையாத சட்டையில் இரண்டு அதிகாரிகள் மாடி ஏறி வந்தார்கள். சுவர் முழுக்கக் கடத்தல்காரர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் துண்டோடு நின்றேன். இவரோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பூரித்துப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார். ஒவ்வொரு துண்டும் எந்தப் பேப்பர், எந்தத் தேதி, எந்தக் கடையில் வாங்கியது என்று விளக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாசல்வரை விடாமல் போய், "கம்ப்ளெய்ண்ட் பண்ணது ஒருத்தனா, ரெண்டு பேரா? ஒருத்தன்னா நீங்க வந்திருக்கவே கூடாது லா!" என்று அவர்களையும் திட்டித்தான் அனுப்பினார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்தியவர் லூர்து அக்கா. நாங்கள் எல்லாரும் அவர் கைச் சோற்றில் வளர்ந்தவர்கள். அவர் கணவர் சேவியர் அண்ணன் வளைகுடாவில் வெல்டர். அந்த வருஷம் விடுமுறைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஏறிய விமானத்தைத்தான் துப்பாக்கிக்காரர்கள் சிலர் கடத்தி, எங்கோ ஒரு பாலைவன விமான நிலையத்தில் இறக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் அதில் இருக்கிறார் என்று கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அக்கா அடுப்பை அணைக்கவே இல்லை. சமைத்துக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் விழுந்துவிடுவார் போல.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவே மெஸ்ஸுக்குள் வந்துவிட்டது. விமானம் வெடித்துவிட்டதாம், ஒருவரும் மிச்சமில்லையாம். மாதா கோயில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா சுவரில் சாய்ந்து, கையில் கரண்டியோடு, கண் சிமிட்டாமல் நின்றார். சுவரில் சேவியர் அண்ணனின் கல்யாணப் போட்டோ. அதற்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

ரெண்டாவது பேப்பர் மாடிப்படியில் இறங்கி வந்தார், மாலையைப் பார்த்தார். நான் அவர் கோபத்தில் குளித்து எழுந்தவன். அன்று வந்த கோபத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. மாலையைப் பிடித்து இழுத்ததில் பூ சாம்பார்ப் பானைவரை தெறித்தது.

"உயிரோட இருக்கிறவனுக்கு எவன்யா மாலை போட்டது? சொன்னது யாரு? எந்த ரேடியோ? எந்தப் பேப்பர்?"

காப்பிக் கடைக்காரர், "பார்பர் சொன்னாரு" என்றார். இவர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பார்பர் கடைக்கு நடந்தார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பார்பர், "டாக்சிக்காரரு கன்ஃபர்மா சொன்னாரு" என்றார். டாக்சிக்காரர் சந்து முனையில்தான் இருந்தார். "பூக்கடையில எல்லாரும் பேசிக்கிட்டாங்க லா" என்றார். பூக்கடைக்காரரை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மாலையும் அவர் கொண்டுவந்ததுதான்.

"உனக்கு யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லல. காலையில சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். குண்டு வச்சிருப்பானுங்க, வெடிச்சிருந்தா ஒருத்தன்கூட மிஞ்சியிருக்க மாட்டான்னு சொன்னேன். மத்தியானம் பாத்தா காப்பிக் கடையில எல்லாரும் அதையே சொல்றாங்க! அப்பதான் எனக்கே தெரியும், நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சின்னு. மனசு கேக்கல, மாலை கட்டி எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்."

தான் பெற்ற பொய் தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அடையாளம் தெரியாமல் அதற்கு மாலையும் கட்டிய அந்த மனிதரை என்ன செய்வது? கெட்டவர் இல்லை, அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. எனக்கு அதுதான் ஆத்திரம். இந்த மாதிரி நல்லவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போன வாரம் தெம்பனிஸிலிருந்து ஒரு நல்லவர் குண்டு வெடிப்பு என்று கைபேசியில் எனக்கு ஒரு சேதி தள்ளிவிட்டார். உட்லண்ட்ஸ் நல்லவர் ஒருவர் அதையே அனுப்பி, 'உறுதி' என்று சேர்த்திருந்தார். அன்று இதற்கு வாயும் காலும் வேண்டியிருந்தன, இன்று கட்டைவிரல் போதும். எந்தப் பெண் கையில் கரண்டியோடு நிற்கிறாள் என்று இவர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

மெஸ்ஸுக்குத் திரும்பியதும் செபமாலைப் பெண்களிடம் இவர் குரலை அடக்கிக்கொண்டு, "செத்தவங்க செபத்த நிறுத்துங்கம்மா. பயணத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு செபம் இருக்குமில்ல, அதச் சொல்லுங்க" என்றார். அவர்களும் மாற்றிச் சொன்னார்கள். அக்கா இவரை மட்டும் பார்த்தார்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

மாடிக்கு ஓடினோம். பின்பக்கக் கழியிலிருந்த அத்தனை துணியையும் நானே பிடுங்கித் தரையில் போட்டேன். பொழுது சாயும் நேரம், ரேடியோவில் ஒரே இரைச்சல். டில்லி இரைந்தது, மாஸ்கோவில் பாட்டு. கடைசியில் இரைச்சலுக்கு நடுவே லண்டன் மட்டும் மேலே வந்தது. கடத்தல்காரர்கள் சரணடைந்தார்கள், பயணிகள் எல்லாரும் பத்திரம் என்று ஒரே தடவை சொல்லிவிட்டு மறுபடி அமிழ்ந்துபோனது.

"அண்ணே, வாங்க, சொல்லிடலாம்!"

"ஒண்ணுதானே கேட்டோம்" என்றார். ரேடியோ முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு எதுவும் கிடைக்கவில்லை. கீழே செபம் நின்றுவிட்டிருந்தது. சட்டென்று எழுந்து இறங்கிப் போனார். அக்கா எதிரில் நின்று, எல்லாரிடமும் கத்துகிற அதே அதட்டலோடு சொன்னார்:

"சேவியர் பத்திரமா இருக்கான். எல்லாரையும் விட்டுட்டானுங்க. ரெண்டு எடத்துல கேட்டுட்டேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தெருவே கட்டிப்பிடித்துக்கொண்டது, பூக்கடைக்காரர் உட்பட. இவர் மட்டும் நேரே மாடிக்கு வந்து, ரேடியோ முன்னால் உட்கார்ந்து முள்ளைத் திருப்ப ஆரம்பித்தார். கேட்டதாகச் சொல்லிவிட்ட அந்த இரண்டாவது இடத்தை விடியவிடியத் தேடினார்.

மறுநாள் காலைப் பேப்பரில் செய்தி வந்தது. அவர் கத்தரிக்காமல் முழுசாக அக்காவிடம் கொடுத்த பேப்பர் அது ஒன்றுதான். அந்த வாரமே சேவியர் அண்ணன் வந்து, கல்யாணப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டார். லூர்து அக்கா கடைசிவரை அந்த இரண்டு இடத்தையும் நம்பித்தான் இருந்தார்.

ஆயுளில் ஒரே ஒரு பொய் சொன்னவர் எங்கள் ரெண்டாவது பேப்பர். அதற்குச் சாட்சி நான் ஒருவன்தான், உறுதிசெய்ய இன்னொருவர் கிடையாது. இந்த ஒருமுறை, அண்ணே, படிக்கிறவர்கள் என் பேச்சை நம்பட்டும்.