ஊரப்பாக்கத்தில் முழு கிருமி ஒழிப்பு

சனிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை, இட்லிக்கு மாவு அரைச்சு வைக்கிறது. அவ்வளவுதான்.

என் மனைவி கலா டீச்சர். ஸ்கூல்ல ஏதோ டிரெயினிங். கிளம்பும்போது சொன்னா: "அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைங்க. உப்பு போட்டு கையால நல்லா கலந்து வைங்க. நாளைக்குக் காலைல அண்ணன் குடும்பத்தோட வர்றான்."

அண்ணன்னா குரோம்பேட்டை மச்சான். எங்க கல்யாணத்துலேர்ந்து என் வேலையை நம்பாத மனுஷன்.

என் வேலை, எண்ணெய்க் கிணறுகள்ல பாக்டீரியாவை ஒழிக்கிறது. எண்ணெயோட வர்ற தண்ணியில அதுங்க குடியேறும். அழுகின முட்டை நாத்தத்தைக் கிளப்பும், இரும்புக் குழாயையே அரிச்சு ஓட்டை போடும். நாங்க மருந்து ஊத்துவோம். அதுங்க குழாய்க்குள்ள வழவழன்னு ஒரு படலம் கட்டி அதுக்கடியில ஒளிஞ்சுக்கும். மருந்தை மாத்துவோம், அதுவும் பழகிடும். ஒவ்வொரு மீட்டிங்லயும் "கட்டுப்பாட்டில் இருக்கு சார்"னு நான் கிராஃப் காட்டுவேன். கிராஃப் பாட்டுக்கு மேல ஏறிக்கிட்டிருக்கும்.

மச்சான் வரும்போதெல்லாம் கேட்பார்: "மாப்ள, இதுவரைக்கும் ஒரு இடத்துலயாவது மொத்தமா செத்திருக்கா?"

நான் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்பேன்.

அதனால மாவு விஷயத்துலயாவது மானத்தைக் காப்பாத்தணும்னு இருந்தேன். வீட்டு வேலைன்னாலும் தொழில் சுத்தம் வேணும் இல்லையா?

கிரைண்டரைக் கொதிக்கிற வெந்நீர் ஊத்திக் கழுவினேன். பாத்திரத்தை ஆவியில வச்சு எடுத்தேன். உளுந்து மேலயும் சந்தேகம் வந்துச்சு. எந்த குடோன்ல கிடந்துச்சோ. அதையும் அரிசியையும் கொதிக்கிற தண்ணியிலேயே அலசினேன்.

கையால கலக்கச் சொன்னாளே, அதுக்கு மட்டும் மனசு ஒப்பல. லேப்ல யாராவது அப்படிப் பண்ணா நானே மெமோ கொடுப்பேன். கிளவுஸ் மாட்டி, கரண்டியால கலந்து, இறுக்கி மூடி வச்சேன்.

சாயங்காலம் கலா வந்து கிச்சனைப் பார்த்துட்டு, "என்னங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு"ன்னா. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

காலைல மூடியைத் திறந்தா, மாவு வச்ச அளவுலயே உட்கார்ந்திருக்கு. ஒரு குமிழி இல்ல. புளிச்ச வாசனை இல்ல.

"மார்கழிக் குளிரு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"என்ன பண்ணீங்க?"

பெருமையா சொல்ல ஆரம்பிச்சேன். பாதியிலேயே எனக்கே புரிஞ்சுடுச்சு. மாவைப் பொங்க வைக்கிறதே பாக்டீரியாதான். அதைப் படிச்சுத்தான் பட்டம் வாங்கினேன். நிஜமாவே வெட்கமா இருந்துச்சு.

கலா நிதானமா கேட்டா: "அங்க சம்பளம் வாங்கிக்கிட்டு ஒண்ணையும் கொல்ல முடியல. இங்க ஓசியில மொத்தத்தையும் கொன்னுட்டீங்களா?"

தெருமுனைக் கடைக்கு ஓடினேன். "பாக்கெட் மாவு இப்பதான் சார் காலியாச்சு"ன்னார் கடைக்காரர். திரும்பி வந்தா வாசல்ல மச்சான் கார்.

எல்லாருக்கும் உப்புமா. "இட்லின்னியே?"ன்னு மச்சான் கேட்க, கலா வெந்நீர்லேர்ந்து கிளவுஸ் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லிட்டா. நான் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

மச்சான் சிரிக்கல. எழுந்து கிச்சனுக்குப் போய், அந்த மாவுப் பாத்திரத்தைத் திறந்து, மோந்து பார்த்தார். திரும்பி வந்து என் தோளைத் தட்டினார்.

"மாப்ள, இத்தனை வருஷமா உங்க வேலையை நம்பாம இருந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எதிர்பார்த்த மரியாதை, உப்புமாவோட வந்துச்சு.